இரத்தத்தைக் கண்டு பயந்த பிள்ளை



வைத்தியசாலையில் தரப்படும் இரத்தப் பரிசோதனை அறிக்கையை எவ்வாறு வாசிப்பது என்று சென்ற மாதம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். கையில் சஞ்சிகை இருந்தது. தன்னுடைய அறிக்கையைக் காட்டத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி மூக்குக்கண்ணாடியை எடுத்தேன்.

"அது இல்லை அக்கா. நீங்கள் இரத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறியள். என்ரை மகளும் கனடாவிலை இரத்தத்திலைதான் வேலை செய்யிறாளாம். கலாநிதிப் பட்டமும் எடுத்துப்போட்டாள். இன்னும் ஏதோ ஆராய்ச்சி எண்டு நிக்கிறாள். அது படிப்போ, வேலையோ எண்டு எனக்கு விளங்கேல்லை. ஆக்கள் கேட்டால் சொல்ல ஒரு பதில் இல்லை" என்றார்.

தேநீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே வந்திருக்கிறார் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

"அவள் இரத்தத்தைக் கண்டால் நடுங்கிற பிள்ளை. நாங்கள் கண்ட இரத்தம் காணாதே அக்கா? ஏன் அவள் திரும்பவும் அதுக்குள்ளையே போய் நிக்கிறாள்?"

அவருடைய கதை உங்களுக்குப் புதிதாக இராது. 2009 இல் வன்னியிலிருந்து வெளியே வந்தபோது அவருடன் வந்தது மகள் மட்டுமே. அப்போது பிள்ளைக்கு 16 வயது. கணவரை அந்த வருடம் சித்திரை மாதத்தில் இழந்திருந்தார். செட்டிகுளம் முகாமில் பல மாதங்கள் இருந்துவிட்டு, எங்கள் ஒழுங்கையில் ஒரு உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் வந்து குடியேறினார். விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார். இரவில் தையல் வேலை. அந்த உழைப்பில் பிள்ளை 2012 இல் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் நன்றாகச் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போனாள்.

2018 இல் பட்டம் பெற்று வந்தபோது என்னிடம் யோசனை கேட்டாள். "அம்மா தனிய இருக்கிறா. கிடைக்கிற அரசாங்க உத்தியோகத்தைப் பிடிச்சுக்கொண்டு இங்கையே இரு பிள்ளை" என்றுதான் நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. புலமைப்பரிசில் பெற்று ரொறன்ரோ போனாள். 2024 இல் கலாநிதிப் பட்டமும் பெற்றாள். 35 வருடம் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்த்த எனக்கே அவள் இப்போது செய்யும் வேலை சரியாகத் தெரியாது. அப்படியிருக்க அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்? ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக இருந்து தொலைபேசியில் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசினோம். அவள் சொன்னதையும், எனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே இந்த மாதம் எழுதுகிறேன். இருவரிடமும் அனுமதி கேட்டேன். பெயரும் ஊரும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் என்றார்கள்.

இரத்தம் எங்கே உருவாகிறது?

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. பெண்களுக்குச் சற்றுக் குறைவு. அதிலே மிதக்கும் கலங்கள் மூன்று வகை. மூச்சுக் காற்றிலுள்ள ஒட்சிசனைச் சுமந்து செல்பவை செங்குழியங்கள். நோய்க் கிருமிகளோடு போராடுபவை வெண்குழியங்கள். காயம் பட்டால் இரத்தம் உறைந்து நிற்க உதவுபவை சிறுதட்டுகள்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நீண்ட ஆயுள் இல்லை. செங்குழியம் சுமார் 120 நாட்கள் வாழும். சிறுதட்டுகள் 7 முதல் 10 நாட்கள். வெண்குழியங்களில் சில வகை ஒரு நாள்கூட இரத்தத்தில் நிற்பதில்லை. ஆகவே இழந்ததை ஈடுசெய்ய உடல் இரவு பகலாகப் புதிய கலங்களை உண்டாக்கியபடி இருக்க வேண்டும். செங்குழியம் மட்டும் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் உருவாகிறது. இந்த வரியை நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் உங்கள் உடலில் ஒரு கோடிக்குமேல் புதிய செங்குழியங்கள் வந்திருக்கும்.

இந்த வேலை நடக்கும் இடம் எலும்பின் உள்ளே இருக்கும் என்புமச்சை. இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, முள்ளந்தண்டு, விலா எலும்புகள் ஆகியவற்றின் உள்ளே அது இருக்கிறது. ஆட்டெலும்பை உடைத்து உறிஞ்சும்போது வருகிறதே, அதே பொருள்தான்.

1990 களில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லாத காலத்தில், நுணுக்குக்காட்டியின் அடியிலுள்ள கண்ணாடியை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிவைத்துக்கொண்டு நான் இரத்தம் பார்த்தேன். மழை மூடினால் வேலை நின்றுவிடும். எத்தனை ஆயிரம் கண்ணாடித் தகடுகள் பார்த்திருப்பேன்! செங்குழியம் வெளிறியிருக்கிறது, மலேரியாக் கிருமி இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பேன். அந்தக் கலம் என் கண்முன் வருவதற்கு முன் எங்கே இருந்தது, எதிலிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தப் பிள்ளை செய்வது அந்த யோசனையைத்தான்.

எலியின் மண்ணீரலில் கண்ட கட்டிகள்

இந்த ஆராய்ச்சியின் வேர் ஒரு யுத்தத்தில் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6 ஆம் திகதி ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்தின் மீது அணுகுண்டு போடப்பட்டது. குண்டிலும் தீயிலும் தப்பியவர்கள் பலர், வெளிக்காயம் இல்லாதவர்கள்கூட, இரண்டு மூன்று வாரங்களின் பின் நோயுற்றார்கள். தலைமயிர் கொட்டியது. முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. உடம்பில் ஊதாப் புள்ளிகள் தோன்றின. காய்ச்சல் வந்து இறந்தார்கள். கதிர்வீச்சு அவர்களுடைய என்புமச்சையை அழித்துவிட்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த பழைய கலங்கள் தீர்ந்ததும், அவற்றின் இடத்துக்குப் புதியவை வரவில்லை.

அதன் பின்னர் உலகில் பல விஞ்ஞானிகள் என்புமச்சையைக் காப்பது எப்படி என்று ஆராயத் தொடங்கினார்கள். கதிர்வீச்சுக்கு உள்ளான எலிக்கு நல்ல எலியின் என்புமச்சையை ஏற்றினால் அது பிழைக்கிறது என்று 1950 களின் தொடக்கத்தில் கண்டார்கள். ஆனால் என்புமச்சையில் உள்ள எந்தக் கலம் அந்த எலியைக் காப்பாற்றுகிறது என்பது தெரியவில்லை.

அதற்கு விடை ரொறன்ரோவில் கிடைத்தது. ஏர்னஸ்ற் மக்கலொக் என்பவர் வைத்தியர். ஜேம்ஸ் ரில் என்பவர் கமக்காரக் குடும்பத்தில் பிறந்து பௌதிகவியல் படித்தவர். இருவரும் சேர்ந்து எலிகளுக்கு என்புமச்சை ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்புமச்சை ஏற்றிப் பத்து நாளான எலிகளைப் பார்க்க மக்கலொக் தனியாக ஆய்வுகூடத்துக்கு வந்தார். எலிகளின் மண்ணீரலில் சிறுசிறு கட்டிகள் தெரிந்தன. அவர் அவற்றை எண்ணினார். கூடுதலாக என்புமச்சை ஏற்றிய எலியில் கட்டிகளும் கூடுதலாக இருந்தன. ஏறத்தாழ 10,000 கலங்களுக்கு ஒரு கட்டி என்ற கணக்கு வந்தது.

இதை 1961 இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு கட்டியும் ஒரே ஒரு கலத்திலிருந்து வளர்ந்தது என்பதை, அன்ட்ரூ பெக்கர் என்ற மாணவருடன் சேர்ந்து 1963 இல் நிறுவினார்கள். ஒரு கலம் தன்னைப் போலவே இன்னொன்றையும் உண்டாக்கும், பல வகை இரத்தக் கலங்களாகவும் மாறும். அப்படிப்பட்டதை மூலக்கலம் என்கிறோம். இன்று இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் செய்யப்படும் என்புமச்சை மாற்றுச் சிகிச்சை இந்த மூலக்கலங்களை நம்பியே நடக்கிறது. அந்தச் சிகிச்சையை வளர்த்தெடுத்த டொனால் தோமஸ் என்ற வைத்தியருக்கு 1990 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த தாய், "அதே ரொறன்ரோவிலேயோ என்ரை பிள்ளை நிக்கிறாள்?" என்று கேட்டார். ஆம், அதே நகரம்தான்.

பட்டம் பெற்ற பிறகும் ஏன்?

இனி முதற் கேள்விக்கு வருவோம். கலாநிதிப் பட்டத்துக்குப் பின் செய்யும் ஆய்வு படிப்பா, வேலையா?

அது வேலை. சம்பளம் உண்டு. ஆனால் நிரந்தரமான வேலை அல்ல. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஒப்பந்தம் எழுதுவார்கள். ஆய்வுக்குரிய பணம் கிடைத்தால் ஒப்பந்தம் நீடிக்கும், இல்லாவிட்டால் முடியும். ஒரு தலைமை விஞ்ஞானியின் கீழ் இருந்தாலும், தன்னுடைய கேள்வியைத் தானே தெரிவுசெய்து, தானே பரிசோதனை செய்து, முடிவை உலகத்தின் முன்வைக்க வேண்டும். மேசன் வேலை பழகி முடித்தவர், ஒரு வீட்டைத் தன் பொறுப்பில் கட்டிக் காட்டினால்தானே அடுத்தவர் நம்பி வேலை கொடுப்பார். அதைப் போன்ற காலம் இது. இதை முடித்தாலும் பேராசிரியர் பதவி கிடைக்கும் என்று உறுதி இல்லை. பதவிகள் சில, கேட்பவர்கள் பலர்.

கனடாவில் இருக்கிறாள் என்றால் கைநிறையக் காசு என்று ஊரில் நினைக்கிறார்கள். வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் அதிகமில்லை என்று பிள்ளை சொன்னாள். அதிலும் மாதம் தவறாமல் அம்மாவுக்கு ஒரு தொகை அனுப்புகிறாள். "நான் ஒருநாளும் கேக்கேல்லை" என்று தாய் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

இந்த வழியில் நடந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கொனி ஈவ்ஸ் என்பவர் கனடாவில் 1944 இல் பிறந்தவர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன் பிறகு, இந்தப் பிள்ளை இன்று இருப்பதைப் போலவே, பட்டத்துக்குப் பின்னரான ஆய்வாளராக ரொறன்ரோவில் ரில், மக்கலொக் ஆகியோரிடம் வந்து சேர்ந்தார். பெண் விஞ்ஞானிகள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. பின்னர் கணவர் அலன் ஈவ்ஸ் என்ற வைத்தியருடன் வன்கூவர் நகரம் போய், பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, 1981 இல் அங்கே ஓர் ஆய்வுகூடத்தைத் தொடங்கினார்.

அந்த ஆய்வுகூடத்துக்கு வைத்த பெயர் ரெறி பொக்ஸ். புற்றுநோயால் ஒரு காலை இழந்த இளைஞர் அவர். 1980 இல் செயற்கைக் காலுடன் கனடாவின் குறுக்கே ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ப்பது அவர் நோக்கம். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 இல், 22 வயதில் இறந்தார். செயற்கைக் காலுடன் ஒரு குடத்தைத் தூக்கி நடப்பதே எவ்வளவு பாடு என்பது எங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே இந்தப் பெயரை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கொனி ஈவ்ஸின் குழுவினர் 1983 இல் ஒரு முக்கியமான விடயத்தை வெளியிட்டார்கள். இரத்தப் புற்றுநோயின் ஒரு வகையில், நோயாளியின் என்புமச்சை முழுவதும் கெட்டுவிட்டதுபோலத் தெரியும். அந்த என்புமச்சையை எடுத்து ஆய்வுகூடத்தில் சில வாரங்கள் வளர்த்துப் பார்த்தபோது, நோயுற்ற கலங்கள் குறைந்துபோக, அதுவரை கண்ணில் படாமல் இருந்த நல்ல கலங்கள் தெரியவந்தன. கெட்டுப்போனது என்று நினைத்த இடத்தில் நல்லது மிச்சம் இருந்திருக்கிறது. அது வெளியில் தெரிய வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அவர் 2024 இல் காலமானார். அவரிடம் பழகிய பலர் இன்று உலகின் பல இடங்களில் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

பிள்ளை என்ன செய்கிறாள்?

"நீ காலமை எழும்பிப் போய் என்னதான் செய்யிறாய்? அதைச் சொல்லு" என்று தாய் கேட்டார். பிள்ளை சிரித்தாள்.

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்டிவிடுகிறோம். அந்தக் கொடியிலும் நச்சுக்கொடியிலும் கொஞ்ச இரத்தம் மிஞ்சியிருக்கும். அதிலே மூலக்கலங்கள் இருக்கின்றன. 1988 இல் பாரிஸ் நகரத்தில் எலியான் குளுக்மன் என்ற பெண் வைத்தியரும் அவரது குழுவினரும், கடுமையான பரம்பரைக் குருதிச்சோகை கொண்ட ஐந்து வயதுச் சிறுவனுக்கு, புதிதாகப் பிறந்த அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தை ஏற்றிக் குணப்படுத்தினார்கள். அதுதான் உலகின் முதலாவது தொப்புள்கொடி இரத்த மாற்றுச் சிகிச்சை.

இன்று பல தாய்மார் தங்கள் பிரசவத்தின் பின் அந்த இரத்தத்தை ஆய்வுக்கென்று விரும்பித் தருகிறார்கள். பிள்ளையின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

"அது எறியிற சாமானெல்லே?" என்றார் தாய்.

"எறியிறதுக்குள்ளைதான் அம்மா அது இருக்குது" என்றாள் மகள்.

அந்த இரத்தத்திலுள்ள கலங்களை ஓர் இயந்திரத்தினூடாக ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துகிறாள். லேசர் ஒளி படும்போது ஒவ்வொரு கலமும் தன்னை அடையாளம் காட்டும். செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கலங்களை அது பிரித்துவிடும். நூற்றில் ஒன்றுகூடத் தேறாத அந்த வேண்டிய கலங்களைத் தனியே எடுத்து, கூழ் போன்ற ஊட்டப் பொருளில் இட்டு, எங்கள் உடம்புச் சூடாகிய 37 பாகை செல்சியசில் வைக்கிறாள். இரண்டு வாரம் காத்திருந்தால் ஒவ்வொரு கலமும் பெருகி ஒரு சிறு கூட்டமாகத் தெரியும். செங்குழியமாக மாறப்போகும் கூட்டம் சிவந்திருக்கும். தொலைபேசியில் ஒரு படம் காட்டினாள். சின்னச் சிவப்புத் திராட்சைக் குலைகளைப் போல இருந்தன.

பிறகு எண்ணுவது. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக எண்ணுகிறாள். இதைக் கேட்டபோது என் விரல்கள் தாமாகவே அசைந்தன. எண்ணும் வேலை நான் செய்த வேலைதான்.

மூலக்கலம் செங்குழியமாக மாறும் வழியில் கடைசியாக ஒன்று நடக்கிறது. ஈமோகுளோபினால் தன்னை நிரப்பிக்கொண்டு வரும் அந்தக் கலம், தன் கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. அந்தப் படியை ஆய்வுகூடத்தில் எப்படிச் சிறப்பாக நடக்கச் செய்வது என்பதே பிள்ளையின் கேள்வி.

கலங்களுக்கு ஞாயிறு, பண்டிகை கிடையாது. நாள் தவறாமல் அவற்றுக்குப் புது ஊட்டம் மாற்ற வேண்டும். ஒருமுறை பூஞ்சணம் புகுந்து மூன்று மாத வேலை முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று என்றாள். "அண்டைக்கு உங்களுக்கு எடுத்தனான் அம்மா. ஆனால் சொல்லேல்லை. குரல் சரியில்லை எண்டு நீங்கள் கண்டுபிடிச்சிட்டியள். தடிமன் எண்டு பொய் சொன்னனான்."

ஏன் இரத்தம்?

இவ்வளவு பேசியும் தாய் தன்னுடைய இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். இரத்தத்தைக் கண்டால் பயந்தவள் நீ, ஏன் பிள்ளை இதைத் தெரிவுசெய்தாய்?

பிள்ளை உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னாள்.

"அன்ரி, அப்பாவைப் பள்ளிக்கூடத்திலை இயங்கின ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனம். அம்மா வெளியிலை மற்ற ஆக்களோடை நிண்டவா. இரத்தம் வேணும் எண்டு ஒரு தாதி கத்திக்கொண்டு ஓடிவந்தவ. நான் கையை நீட்டினன். அவ என்ரை முகத்தைப் பாத்திட்டு, நீ சின்னப்பிள்ளை, உன்ரை உடம்பிலையே இரத்தம் இல்லை எண்டு சொல்லிக் கையைப் பதிச்சு விட்டவ. வேறை ஆக்களும் குடுக்கிற நிலையிலை இல்லை. அப்பா பின்னேரம் முடிஞ்சுபோனார். குடுக்க ஆள் இல்லாத இடத்திலை இரத்தம் எங்கையிருந்து வரும் எண்ட கேள்வி அண்டைக்கு வந்தது. அதுக்குப் பிறகு போகேல்லை."

மகள் கையை நீட்டியது தாய்க்கு அன்றுவரை தெரியாது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரே பாயில் படுத்தும், ஒரே கோப்பையில் சாப்பிட்டும், தொலைபேசியில் நாளாந்தம் பேசியும், அதை இருவரும் பேசியதில்லை. தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார். பிள்ளையும் அங்கே அழுதாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாங்கள் கண்டது எல்லாம் சிந்தின இரத்தம் அம்மா. நான் இங்கை பாக்கிறது உருவாகிற இரத்தம். இதைப் பாக்க எனக்குப் பயமில்லை."

அவள் தேடும் விடை அண்மையில் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இரத்ததானம் செய்த ஒருவரின் மூலக்கலங்களிலிருந்து ஆய்வுகூடத்தில் வளர்த்த செங்குழியங்களை, 2022 இல் பிரித்தானியாவில் முதன்முறையாகத் தொண்டர்களின் உடலில் ஏற்றிப் பரிசோதித்தார்கள். ஏற்றிய அளவு ஒன்று இரண்டு தேக்கரண்டி மட்டுமே. ஒரு பை இரத்தத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் கோடி செங்குழியங்கள் இருக்கின்றன. அவ்வளவையும் ஆய்வுகூடத்தில் உண்டாக்குவது இன்றைக்கு மிகப் பெருஞ்செலவு. ஆகவே மனிதர் தரும் இரத்தம் இன்னும் நெடுங்காலம் தேவைப்படும். இதைப் பிள்ளையும் மறைக்கவில்லை. "என்ரை காலத்திலை முடியாட்டிலும், நான் எண்ணி எழுதினது அடுத்த ஆளுக்கு உதவும்" என்றாள்.

எங்கள் பக்கம் செய்யவேண்டியது

சகோதரிகளே, இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய பிள்ளைகளும் இப்படித் தூரத்தில் படித்துக்கொண்டோ ஆராய்ந்துகொண்டோ இருக்கலாம். ஒவ்வொரு முறை பேசும்போதும் "எப்ப முடியும், எப்ப வருவாய், எப்ப கலியாணம்" என்று கேட்க வாய் வரும். கேட்பதில் பிழையில்லை, நாங்கள் தாய்மார். அத்துடன் "இண்டைக்கு என்ன செய்தாய்?" என்றும் கேளுங்கள். விளங்காவிட்டால் இன்னொருமுறை சொல்லச் சொல்லுங்கள். அயலவர் கேட்டால், "மகள் இரத்தக் கலங்களை ஆராயிற வேலையிலை இருக்கிறாள்" என்று சொல்லுங்கள். அது போதுமான பதில்.

இன்னுமொன்று. அந்தத் தாய் விடைபெறும்போது அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். கீழ் இமையையும் இழுத்துப் பார்த்தேன். இரண்டும் வெளிறியிருந்தன. மகள் அங்கே செங்குழியம் வளர்க்கிறாள், தாய்க்கு இங்கே செங்குழியம் குறைவு! மறுநாளே வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். ஈமோகுளோபின் 9 என்று வந்தது. கருத்தரிக்காத பெண்ணுக்கு 12 க்குக் குறையக்கூடாது, கர்ப்பிணிக்கு 11 க்குக் குறையக்கூடாது.

என்புமச்சை எவ்வளவு உழைத்தாலும் மூலப்பொருள் இல்லாமல் இரத்தம் ஆக்க முடியாது. இரும்புச்சத்து, போலிக் அமிலம், விற்றமின் பி12 ஆகியவை வேண்டும். முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, கௌபி, நெத்தலி, முட்டை, முடிந்தபோது ஈரல் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கீரையோடு தேசிக்காய்ப் புளி விடுங்கள், அல்லது ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுங்கள். இரும்பு உடலில் சேர அது உதவும். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது அதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள்.

பிள்ளைக்கு வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் எங்களுக்கு முகாம்களிலிருந்தே வந்துவிட்டது. அதை இனி விடவேண்டும். மாதவிடாயில் அதிக இரத்தம் போனால் வெட்கப்படாமல் வைத்தியரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை தந்தால், களைப்பு நீங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். செங்குழியத்தின் ஆயுள் 120 நாட்கள் என்று மேலே சொன்னேன். புதிய நல்ல கலங்கள் பழையவற்றின் இடத்துக்கு வரவும், உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்பவும் மாதக்கணக்கு ஆகும். வைத்தியர் சொன்ன நாள்வரை எடுங்கள்.

அந்தத் தாய் இப்போது மாத்திரை எடுக்கிறார். ஒவ்வொரு இரவும் அதை விழுங்கிவிட்டு மகளுக்குச் சொல்கிறாராம். மகள் தான் அன்று எத்தனை கூட்டம் எண்ணினேன் என்று அவருக்குச் சொல்கிறாளாம். இரண்டாம் முறை பரிசோதித்தபோது ஈமோகுளோபின் 10.4 ஆக ஏறியிருந்தது. அந்த அறிக்கையை இந்தப் பத்தியில் எழுதியபடி தானே வாசித்து, எனக்கும் விளக்கம் சொன்னார்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.